முகவரி இல்லாத குடும்பங்களுக்கு ரேஷன் கிடைக்குமா? உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வது என்ன?

புதுதில்லி: தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் 81.35 கோடி பேர் வரை மானிய உணவு தானியம் பெற வழிவகை செய்யப்பட்டுள்ளது. எனினும், நடைபாதைகளிலும் மேம்பாலங்களுக்கு அடியிலும் வசிக்கும் குடும்பங்களிடம் குடும்ப அட்டைக்கு விண்ணப்பிக்கத் தேவையான முகவரிச் சான்று பெரும்பாலும் இருப்பதில்லை. அட்டை கிடைத்தாலும், சமைக்க அடுப்போ, தானியத்தைப் பத்திரப்படுத்த இடமோ இல்லாதவர்களுக்கு அரிசியும் கோதுமையும் மட்டும் பசியாற்றப் போதுவதில்லை. இவ்விரு சிக்கல்களுக்கும் சட்டத்திலும் திட்டங்களிலும் உள்ள வழிகள் குறித்த விளக்கம்:

எத்தனை பேர் வீடற்றவர்கள்?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சுமார் 17.7 லட்சம் பேர் வீடின்றி வசித்தனர். அவர்களில் சுமார் 9.4 லட்சம் பேர் நகர்ப்புறங்களில் இருந்தனர். பிப்ரவரி 28-ஆம் தேதி இரவில் சாலையோரம், ரயில் நிலையம், கோயில் வளாகம் போன்ற இடங்களில் தங்கியிருந்தவர்களைக் கொண்டு இக்கணக்கு எடுக்கப்பட்டது.

சட்டம் வழங்கும் உரிமை

2013-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இச்சட்டம், கிராமப்புற மக்களில் 75 சதவீதம் பேரையும் நகர்ப்புற மக்களில் 50 சதவீதம் பேரையும் உள்ளடக்குகிறது. முன்னுரிமைக் குடும்பங்களில் நபருக்கு மாதம் 5 கிலோவும், மிக வறிய நிலையில் உள்ள அந்தியோதயா குடும்பங்களுக்கு மாதம் 35 கிலோவும் தானியம் வழங்கப்படுகிறது. 2023 ஜனவரி முதல் இத்தானியம் இலவசமாகவே அளிக்கப்படுகிறது. 2024 ஜனவரி 1 முதல் மேலும் 5 ஆண்டுகளுக்கு இது நீட்டிக்கப்பட்டுள்ளது.

குப்பை சேகரிப்போர், ரிக்‌ஷா இழுப்போர், சுமை தூக்குவோர், ஆதரவற்றோர் ஆகியோரை அந்தியோதயா பிரிவில் சேர்க்க மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் இடமளிக்கின்றன. வீடற்றோரில் கணிசமானோர் இத்தகைய தொழில்களிலேயே உள்ளனர். ஆனால், பயனாளிகளை அடையாளம் காணும் பொறுப்பு மாநில அரசுகளிடம் உள்ளது. விண்ணப்ப நடைமுறையில் முகவரி கேட்கப்படும்போது, உதவி மிகவும் தேவைப்படுவோரே பட்டியலுக்கு வெளியே நிற்க நேர்கிறது.

'ஒரே நாடு, ஒரே ரேஷன்' உதவுமா?

2019 ஆகஸ்டில் 4 மாநிலங்களில் தொடங்கிய 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' திட்டம், 2022 ஜூனில் அனைத்து மாநிலங்களையும் யூனியன் பிரதேசங்களையும் எட்டியது. பிகாரில் அட்டை பெற்ற தொழிலாளி ஒருவர், தில்லியில் உள்ள நியாயவிலைக் கடையில் விரல் ரேகையைப் பதிவு செய்து தனது பங்கைப் பெறலாம். குடும்பத்தினர் எஞ்சிய பங்கைச் சொந்த ஊரிலேயே வாங்கிக் கொள்ளலாம். ஆனால், எங்கேனும் ஓரிடத்தில் அட்டை பெற்றிருப்பவருக்கே இவ்வசதி பயன்படும். எந்த ஊரிலும் அட்டை இல்லாதவருக்கு இதனால் பயன் இல்லை.

இந்த இடைவெளியைக் கருதியே, இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்தும் குடும்ப அட்டை பெறாத சுமார் 8 கோடி தொழிலாளர்களுக்கு 3 மாதங்களுக்குள் அட்டை வழங்குமாறு 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

விடுபட்டுப்போன பிரிவு

2011 டிசம்பரில் மக்களவையில் அறிமுகம் செய்யப்பட்ட மசோதாவில், ஆதரவற்றோருக்கு நாள்தோறும் ஒருவேளை இலவச உணவும், வீடற்றோருக்குச் சமுதாய சமையற்கூடங்களில் குறைந்த விலையில் உணவும் உரிமையாகக் கூறப்பட்டிருந்தன. 2013-இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தில் அப்பிரிவுகள் இடம்பெறவில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகளுக்கு அங்கன்வாடி மற்றும் பள்ளிகள் மூலம் வழங்கப்படும் உணவு மட்டுமே சமைத்த உணவுக்கான உரிமையாக நிலைபெற்றது. இவ்வுரிமை குடும்ப அட்டையைச் சார்ந்ததன்று என்பதால், நடைபாதையில் வசிக்கும் குடும்பத்தின் குழந்தைக்கும் இது பொருந்தும்.

மாநிலங்களின் மலிவு விலை உணவகங்கள்

மற்றவர்களுக்குச் சமைத்த உணவு கிடைப்பது மாநில அரசுகளின் திட்டங்களையே சார்ந்துள்ளது. தமிழகத்தில் 2013-இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகத்தைத் தொடர்ந்து, ஒடிசாவில் 2015-இல் ஆகார் மையங்களும், கர்நாடகத்தில் 2017-இல் இந்திரா கேன்டீன்களும், மகாராஷ்டிரத்தில் 2020-இல் சிவ போஜன் திட்டமும் தொடங்கப்பட்டன. இவற்றில் அடையாள அட்டையோ முகவரியோ இன்றி 5 அல்லது 10 ரூபாய்க்கு ஒருவேளை உணவு பெற வகை செய்யப்பட்டது. இவற்றோடு, குருத்வாராக்களில் எவ்விதப் பாகுபாடுமின்றி வழங்கப்படும் லங்கர் உணவும் பெருநகரங்களில் பலரின் பசியைத் தீர்க்கிறது.

எனினும், திட்டம் என்பது சட்டப்பூர்வ உரிமைக்கு ஈடாகாது. ஆந்திரத்தில் 2018-இல் தொடங்கப்பட்ட அண்ணா கேன்டீன்கள், ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2019-இல் மூடப்பட்டன. மீண்டும் ஆட்சி மாறிய பின்னர், 2024 ஆகஸ்டிலேயே அவை திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் அங்கு உணவருந்தி வந்தவர்களால் அதைத் தங்கள் உரிமையாகக் கோர இயலவில்லை.

நாடு முழுவதும் சமுதாய சமையற்கூடங்கள் அமைக்கக் கோரிய பொதுநல மனுவை 2024 பிப்ரவரி 22-இல் உச்சநீதிமன்றம் முடித்துவைத்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டமும் பிற நலத்திட்டங்களும் நடைமுறையில் உள்ள நிலையில், அத்தகைய உத்தரவைப் பிறப்பிக்க இயலாது என்றும், மாற்றுத் திட்டங்களை மாநிலங்கள் ஆராயலாம் என்றும் நீதிமன்றம் கூறியது.

அடுத்து என்ன?

81.35 கோடி என்ற உச்சவரம்பு 2011-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின் அடிப்படையில் நிர்ணயிக்கப்பட்டது. மக்கள்தொகை பெருகியபோதும் அது மாறவில்லை. ஒரு மாநிலத்தின் ஒதுக்கீடு நிரம்பிவிட்டால், பழைய பெயர்கள் நீக்கப்பட்ட பின்னரே புதியவர்களைச் சேர்க்க முடியும். அடுத்த கணக்கெடுப்புக்கான அடிப்படை நாளாக 2027 மார்ச் 1 அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் முடிவுகள் வெளியான பிறகே இந்த வரம்பு மாற வாய்ப்புள்ளது. அந்தக் கணக்கெடுப்பில் வீடற்ற குடும்பங்கள் விடுபடாமல் பதிவாவது அவர்களின் உணவு உரிமைக்கும் இன்றியமையாதது.

அதுவரை, தானியம் மறுக்கப்பட்டவர்கள் 1967 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் தெரிவிக்கலாம். மாவட்டக் குறைதீர் அலுவலரிடமும் முறையிடலாம். அவருடைய முடிவு திருப்தி அளிக்காவிடில், மாநில உணவு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யவும் சட்டம் வழிவகுத்துள்ளது.