சோலைமந்தி மரத்தைவிட்டு இறங்கியது ஏன்?

முள்ளுக்குறிச்சி கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். அங்கிருந்து மலைக்குப் போகிறவர்கள் வழியில் குரங்குகளைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சாலையோரச் சுவரில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். அசந்தால் கையிலிருக்கும் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு மரத்தில் தாவிவிடும். தலைமயிரை நடுவகிடு எடுத்து வாரிவிட்டது போன்ற தோற்றம், மங்கிய பழுப்பு நிறம், நீண்ட வால். இதுதான் நாட்டுக்குரங்கு. காடு, வயல், கோயில், பஸ் நிலையம் எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும். காட்டுப் பழமும் தின்னும், கடலையும் முறுக்கும் தின்னும்.

இந்த நாட்டுக்குரங்குக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் உண்டு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் குணத்தில் நேர் எதிர். அதற்கு மழைக்காடு வேண்டும். அதுவும் மரத்துக்கு மரம் கிளைகள் தொட்டுக்கொண்டிருக்கும் அடர்ந்த காடு வேண்டும். அதன் பெயர் சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். கொல்லிமலையில் நீங்கள் அதைக் காண முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்குமே அது இயற்கையாக வாழவில்லை!

ஆளைத் தெரிந்துகொள்வோம்

உடல் முழுவதும் பளபளக்கும் கறுப்பு. கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பிடரி மயிர். இந்தப் பிடரியால்தான் சிங்கம் என்ற பெயர் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வாலின் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போன்ற குஞ்சம் இருக்கிறது. பெயர் அதனால் வந்ததே.

வளர்ந்த ஆண் 5 முதல் 10 கிலோ வரை எடை இருக்கும். பெண் அதைவிடச் சிறியது. சாதாரணமாகப் பத்து முதல் இருபது வரை உள்ள கூட்டமாக வாழும். கூட்டத்தில் பெரும்பாலும் வளர்ந்த ஆண் ஒன்றே இருக்கும். பிறந்த கூட்டத்திலேயே பெண்கள் தங்கிவிடும். ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டத்தைத் தேடிப் போய்விடும். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழம்தான் முக்கிய உணவு. வெடிப்பலா, காட்டுப்பலா, அத்தி என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு மரம். வெடிப்பலாவின் பூவையும் தின்னும், விதையையும் தின்னும். பட்டைகளை உரித்துப் பூச்சி பிடிக்கும். சிலந்தி, மரத்தவளை, பல்லி எதையும் விடாது. ஒரே மரத்தில் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்காது அல்லவா? ஆகவே ஒரு கூட்டத்துக்குப் பல வகை மரங்கள் உள்ள பெரிய காடு தேவைப்படுகிறது. வடக்கே கர்நாடகத்தின் அகநாசினி ஆற்றுப் பள்ளத்தாக்கு முதல் தெற்கே களக்காடு மலைகள் வரை, இத்தகைய காடு எஞ்சியுள்ள இடங்களில் மட்டும் சோலைமந்தி வாழ்கிறது. மொத்தம் நாலாயிரத்துக்கு மேல் இராது என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு.

1970களில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கவுஸ்கி என்ற ஆய்வாளர்கள் தமிழகத்தின் தென்கோடி மலைகளில் இவற்றை ஆராய்ந்தார்கள். காட்டில் சில நூறு குரங்குகளே எஞ்சியிருக்கக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். 1976ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காடு சரணாலயம் சோலைமந்திக்காகவே அமைக்கப்பட்டது. பின்னர் வந்தவர்கள் வேறு காடுகளிலும் தேடி, முன்பு நினைத்ததைவிடக் கூடுதலான கூட்டங்களைக் கண்டார்கள். குரங்குகள் பெருகிவிட்டன என்று இதற்குப் பொருளல்ல. தேடாத இடத்தில் தேடியதால் கணக்கு சரியானது, அவ்வளவுதான்.

காடு தீவுகளான கதை

கோவை மாவட்டத்து ஆனைமலையில் வால்பாறை என்ற ஊர் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இங்கே மழைக்காட்டை வெட்டிக் காப்பியும், பின்னர் தேயிலையும் பயிரிடத் தொடங்கினார்கள். இன்று சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியில் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாக விரிந்திருக்கிறது. இடையிடையே வெட்டாமல் விட்ட காட்டுத் துண்டுகள் நிற்கின்றன. சில துண்டுகள் நூறு எக்டேர்கூட இல்லை.

தேயிலையும் பச்சைதானே, குரங்குக்கு என்ன கஷ்டம் என்று கேட்கலாம். மரத்திலேயே வாழும் ஓர் உயிருக்கு இடுப்பளவு தேயிலைச் செடி கடலைப் போன்றது. தின்ன ஒன்றும் கிடையாது. ஏறி ஒளிய இடமும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு காட்டுத் துண்டும் ஒரு தீவாகிவிட்டது.

ஆண்கள் வேறு கூட்டம் தேடிப் போகும் என்று சொன்னோமே, தீவிலிருந்து அவை எப்படிப் போகும்? போக முடியாவிட்டால் உறவுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் இனப்பெருக்கம் நடக்கும். தலைமுறைகள் செல்லச் செல்ல மரபுப் பண்புகளின் வகை குறையும். ஒரு புதிய நோய் வந்தால் தாங்கும் சக்தி கூட்டத்தில் ஒன்றுக்குக்கூட இல்லாமற் போகலாம். காட்டை முழுவதும் அழிக்க வேண்டியதில்லை. துண்டு துண்டாக்கினாலே போதும், விலங்கு மெல்ல மெல்ல மறையும்.

ஒரு சிறு கணக்கு

பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண் சோலைமந்தி முதற் குட்டியை ஈனும்போது அதற்கு வயது சுமார் ஆறரை. அதன் பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டி. அது 20 ஆண்டு வாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறரை, ஒன்பதரை, பன்னிரண்டரை, பதினைந்தரை, பதினெட்டரை. ஆக ஆயுள் முழுவதும் ஐந்தே குட்டிகள்! வீட்டு எலி இதைவிட அதிகமாக ஓராண்டிலேயே ஈன்றுவிடும்.

இனி, ஒரு கூட்டத்தில் ஏழு வளர்ந்த பெண்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஏழை மூன்றால் வகுத்தால் ஆண்டுக்கு இரண்டு குட்டிகளுக்குச் சற்று அதிகம். அவற்றிலும் சில இளமையிலேயே இறக்கும். அந்த ஆண்டில் லாரி மோதி ஒன்றும், மின்கம்பியில் அடிபட்டு ஒன்றும் செத்தால் என்ன ஆகும்? கூட்டம் வளராது. செத்தவை வளர்ந்த பெண்களாக இருந்தால் கூட்டம் தேயத் தொடங்கும். எலிக்கோ முயலுக்கோ ஒரு பொருட்டே ஆகாத இழப்பு, சோலைமந்திக்கு ஈடுகட்ட முடியாத நஷ்டம்.

கடல் கடந்த உறவினர்

இதே கணக்கில் இன்னும் கடுமையாக அகப்பட்டுக்கொண்ட ஒரு விலங்கு போர்னியோ, சுமத்திரா தீவுகளில் இருக்கிறது. அதுதான் ஒராங்குட்டான். மலாய் மொழியில் இந்தப் பெயருக்குக் காட்டு மனிதன் என்று பொருள். வாலில்லாத பெருங்குரங்கு, மரத்தில் வாழும் விலங்குகளில் மிகப் பெரியது. பெண் ஒராங்குட்டான் ஏறக்குறைய பதினைந்து வயதில் முதற் குட்டியை ஈன்று, அதற்கு உணவு தேடவும் கூடு கட்டவும் ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுக்கும். அடுத்த குட்டி ஏழெட்டு ஆண்டுகள் கழித்துத்தான். சோலைமந்தியைப் போல இரு மடங்குக்கு மேல் ஆயுள் இருந்தும் குட்டிகள் அதே நான்கைந்துதான்.

அங்கே தேயிலையின் இடத்தில் இருப்பது எண்ணெய்ப்பனை. மலேசியத் தமிழர் அதைச் செம்பனை என்பார்கள். காட்டை வெட்டியும் கொளுத்தியும் செம்பனை நட்டார்கள். 1997, 2015 போன்ற வறட்சி ஆண்டுகளில் தீ கட்டுக்கடங்காமல் பரவியது. தாயைக் கொன்று குட்டியைப் பிடித்து விற்பவர்களும் இருந்தார்கள். 1999க்கும் 2015க்கும் இடையில் போர்னியோவில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஒராங்குட்டான்கள் அழிந்தன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளார்கள்.

அந்தக் காட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு? உலகில் பாமாயிலை மிக அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. நம் ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயிலும், பலவித சோப்புகளிலும் பிஸ்கட்டுகளிலும் சேரும் எண்ணெயும் அந்தப் பனையிலிருந்து வருபவை. அப்படியானால் பாமாயிலே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ஒரு எக்டேரில் செம்பனை தரும் எண்ணெய், சோயாவோ நிலக்கடலையோ தருவதைப் போலப் பல மடங்கு. அதே அளவு எண்ணெயை வேறு பயிரிலிருந்து எடுக்க இன்னும் அதிக நிலம் வேண்டும். புதிதாகக் காட்டை அழிக்காமல், ஏற்கெனவே திருத்திய நிலத்தில் பயிரிடச் செய்வதே சரியான வழி. வாங்குகிற நாடு வற்புறுத்தினால் விற்கிற நாடு கேட்கும்.

இரண்டு ஆறுகள்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை என்ற ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்க 1970களில் திட்டமிட்டார்கள். அந்த இடம் அமைதிப் பள்ளத்தாக்கு எனப்படும் மழைக்காடு. சோலைமந்தியின் முக்கியமான வீடுகளில் ஒன்று. மின்சாரம் வேண்டாமா, ஒரு குரங்குக்காக மனிதர் இருட்டில் இருப்பதா என்று ஒரு சாரார் கேட்டார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் வேறு கேள்விகளை எழுப்பியது. மின்சாரத்தை வேறு இடத்தில், வேறு வழியில் உண்டாக்கலாம். இந்தக் காட்டை வேறு எங்கே உண்டாக்குவது? ஆசிரியர்களும் கவிஞர்களும் மாணவர்களும் ஊர் ஊராகப் பேசினார்கள். இறுதியில் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆயிற்று. மறு ஆண்டு பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இரண்டாவது ஆறு சுமத்திராவில் இருக்கிறது. பெயர் பத்தாங் தோரு. அதையொட்டிய காட்டில் வாழும் ஒராங்குட்டான் ஒரு தனிச் சிற்றினம் என்று 2017இல்தான் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். தபனூலி ஒராங்குட்டான் என்று பெயரிட்டார்கள். அப்போதே எண்ணூறுக்கும் குறைவாகத்தான் இருந்தன. அந்தக் காட்டிலும் ஒரு நீர்மின் திட்டத்துக்கான வேலை தொடங்கியது. குந்திப்புழையில் எழுந்த அதே கேள்வி அங்கேயும் எழுந்தது. ஆனால் அப்போது வேலை நிற்கவில்லை.

புதுத்தோட்டத்துப் பாடம்

வால்பாறைக்கு அருகில் புதுத்தோட்டம் என்ற இடத்தில் நூறு எக்டேருக்கும் குறைவான ஒரு காட்டுத் துண்டு இருக்கிறது. அங்கே சில பத்துகளாக இருந்த சோலைமந்திகள் 2010களில் நூற்றைம்பதைத் தாண்டின. நல்ல செய்திதானே? பாதி நல்ல செய்தி. இடம் போதாமல் அவை மரத்தைவிட்டு இறங்கின. காப்பிப் பழமும் கொய்யாவும் தின்னப் பழகின. சாலையைக் கடந்தன, வீட்டுக் கூரையில் ஏறிச் சமையலறைக்குள்ளும் புகுந்தன. பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் போட்டார்கள். பிஸ்கட்டுக்காகச் சாலையில் காத்திருந்த குரங்கின் மேல் அடுத்த வண்டி ஏறியது. தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். சோலைமந்தி ஆசைப்பட்டு இறங்கவில்லை. மேலே வழி தீர்ந்துபோனதால் இறங்கியது.

வழியைத் திரும்பக் கட்ட முடியுமா? முயன்று பார்த்திருக்கிறார்கள். சாலையின் இருபுறமும் உள்ள மரங்களுக்கிடையே, தீயணைப்புக் குழாய்த் துணியையும் ரப்பரையும் பின்னி ஏணி போன்ற தொங்குபாலங்களைக் கட்டினார்கள். முதலில் சந்தேகத்துடன் பார்த்த குரங்குகள், பின்னர் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு அவற்றின் மேல் நடந்தன. சாலையில் காவலர்கள் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பினர் வனத்துறையோடும் தோட்டத்தாரோடும் சேர்ந்து, சிதைந்த காட்டுத் துண்டுகளில் உள்ளூர் மழைக்காட்டு மரங்களை நட்டு வளர்க்கிறார்கள். தேயிலையை அகற்றாமலே, தீவுகளுக்கிடையே நிழல்மரங்களால் பாலம் போட முடியும் என்பது இவர்கள் எண்ணம். தேயிலையை நம்பிப் பல ஆயிரம் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களை விட்டுவிட்டுக் குரங்கை மட்டும் காப்பாற்ற முடியாது.

சோலைமந்தி இருந்தால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவரிடம் ஒன்று சொல்லுங்கள். அது பழம் தின்று விதைகளைத் தூரத் தூரமாகச் சிதறுகிறது. அதனால் காடு புதுப்பிக்கப்படுகிறது. அந்தக் காடு மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. ஆழியாறும் தாமிரபரணியும் பிறப்பது சோலைமந்தியின் காடுகளில்தான்.

செய்து பாருங்கள்

உங்கள் ஊருக்கு அருகே ஒரு மலை இருக்கிறதா? கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன் எதுவானாலும் சரி. வயதில் மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சிறுவயதில் காடாக இருந்த இடங்களை ஒரு தாளில் பச்சையாக வரையுங்கள். இன்று அவற்றில் மரவள்ளியோ காப்பியோ வீடுகளோ வந்துவிட்ட இடங்களை வேறு நிறத்தில் தீட்டுங்கள். மிஞ்சிய பச்சைத் துண்டுகளுக்கிடையே ஒரு குரங்கு தரையில் கால் படாமல் போக முடியுமா என்று பென்சிலால் வழி தேடுங்கள். வழி எங்கே அறுகிறதோ அங்கே எத்தனை மரம் நட்டால் சேரும் என்று கணக்கிடுங்கள். அந்தப் படத்தை உங்கள் அறிவியல் ஆசிரியரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் காட்டுங்கள்.

இன்னொன்று, மிகச் சுலபமானது. அடுத்த முறை மலைக்குப் போகும்போது, எந்தக் குரங்குக்கும் பஸ் ஜன்னலிலிருந்து எதையும் போடாதீர்கள்.