சிக்ஸ் ஏன் மோனோவின் கையை விட்டாள்? - முடிவுக்கு வராத 'லிட்டில் நைட்மேர்ஸ்' பஞ்சாயத்து!

சிவகாசிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் பட்டாசு வேலை நின்றுவிடும். மருந்து காய வெயில் வேண்டும், ஈரம் ஆகவே ஆகாது. அப்படி ஒரு மழை நாளில், லைட்டை அணைத்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு 'லிட்டில் நைட்மேர்ஸ் 2' ஆடிப் பாருங்கள். கேம் இல்லையென்றால் யாராவது ஆடுகிற வீடியோவைப் பாருங்கள். கடைசிக் காட்சியில், "அடிப்பாவி, ஏன்டி இப்படிப் பண்ணே?" என்று நிச்சயம் கத்துவீர்கள். 2021 பிப்ரவரியில் வெளிவந்த கேம் இது. அந்தக் கத்தல் இன்னும் ஓயவில்லை.

(ஸ்பாய்லர் அலர்ட்: இதற்குக் கீழே முழுக் கதையும் இருக்கு. பரவாயில்லை என்பவர்கள் மட்டும் தொடருங்கள்!)

கதை என்ன?

ஸ்வீடனின் மால்மோ நகரைச் சேர்ந்த டார்சியர் ஸ்டுடியோஸ் உருவாக்கி, ஜப்பானின் பண்டாய் நாம்கோ வெளியிட்ட ஹாரர் அட்வென்ச்சர் வரிசை இது. முதல் பாகம் 2017 ஏப்ரலில் வந்தது. 2023 டிசம்பரில் அது மொபைலுக்கும் வந்துவிட்டது.

இதில் வசனம் கிடையாது. யாரும் கதை சொல்லமாட்டார்கள். அதனால் இங்கிலீஷ் வராது என்று யாரும் ஒதுங்க வேண்டாம், கதை எல்லோருக்கும் ஒரே அளவுக்குத்தான் புரியும். பஞ்சாயத்துக்கும் அதுதான் காரணம். கண்ணால் பார்த்ததை வைத்து நாமே கதையைக் கோக்க வேண்டும்.

முதல் பாகத்தில் மஞ்சள் ரெயின்கோட் போட்ட சிறுமி சிக்ஸ், 'தி மா' என்கிற கடலடிக் கப்பல் போன்ற இடத்திலிருந்து தப்பிக்கிறாள். 'மா' என்றால் விலங்கின் பெரிய வாய், இரைப்பை. பெயருக்கு ஏற்ற மாதிரி அங்கே குழந்தைகள்தான் இரை.

இரண்டாம் பாகத்தில் நாம் மோனோ. தலையில் காகிதப் பை மாட்டிய சிறுவன். வேட்டைக்காரன் வீட்டில் அடைபட்டிருக்கும் சிக்ஸை மீட்கிறான். இருவரும் கைகோத்து ஓடுகிறார்கள். நடுவில் டி.வி-க்குள்ளிருந்து வரும் தின் மேன் என்கிற நெட்டை உருவம் சிக்ஸைத் தூக்கிப் போய்விடுகிறது. மோனோ அவனை எதிர்த்து நின்று ஜெயிக்கிறான். கோபுரத்துக்குள் பூதமாக மாறிக் கிடக்கும் சிக்ஸை மறுபடியும் சிறுமியாக்குகிறான். தப்பிக்கும்போது பாலம் இடிகிறது. மோனோ தாவுகிறான். சிக்ஸ் கையைப் பிடிக்கிறாள். சில நொடிகள் அவனைப் பார்க்கிறாள். பிறகு, விட்டுவிடுகிறாள்.

கீழே விழுந்த மோனோ ஒரு நாற்காலியில் உட்கார்கிறான். காலம் ஓடுகிறது. வளர்ந்து, கோட்டு, தொப்பியோடு எழும்போது... அவன்தான் தின் மேன்!

கட்சி 1: 'முகத்தைப் பார்த்துட்டா!'

பெரும்பாலான ரசிகர்களின் கட்சி இது. தின் மேனை எதிர்க்கும் முன் மோனோ காகிதப் பையைக் கழற்றிவிடுகிறான். அதனால் பாலத்தில்தான் அவனுடைய முகத்தை சிக்ஸ் அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறாள். தன்னைக் கடத்தியவனின் சாயல் தெரிகிறது. பயத்தில் விட்டுவிடுகிறாள்.

கட்சி 2: 'மியூசிக் பாக்ஸை உடைச்சான்ல!'

முதல் சந்திப்பிலேயே சிக்ஸ் கையில் ஒரு மியூசிக் பாக்ஸ் இருக்கும். பூதமான பிறகும் அவள் கட்டிப்பிடித்திருப்பது அதைத்தான். அவளை மீட்க மோனோ அதை உடைத்தே ஆகவேண்டும். அவன் கணக்கில் அது உதவி. அவள் கணக்கில், தன்னிடம் இருந்த ஒரே சொத்தை உடைத்தவன்.

கட்சி 3: 'அவ குணமே அப்படித்தான்!'

இந்தக் கட்சி சாட்சியோடு வரும். மருத்துவமனையில் டாக்டரை உலைக்குள் வைத்து எரித்தால், சிக்ஸ் அந்த நெருப்பில் நிம்மதியாகக் குளிர்காய்வாள். முதல் பாகத்தில் அவளுக்குப் பசி வந்துகொண்டே இருக்கும். முதலில் ரொட்டி, அடுத்து இறைச்சி, அடுத்து உயிருள்ள எலி. பிறகு, நோம் என்கிற குட்டி உருவம் அவளுக்கு அன்பாக ஒரு சாசேஜை நீட்டும். அவள் சாசேஜை விட்டுவிட்டு நோமைக் கடித்துத் தின்பாள். அந்த நோம் யார் என்பது 2018-ல் முடிந்த கூடுதல் அத்தியாயங்களில் தெரிந்தது. அதுவும் தப்பிக்க ஓடிய ஒரு சிறுவன்தான்!

கட்சி 4: 'இது லூப், பாஸ்!'

மோனோ வளர்ந்து தின் மேன் ஆகிறான். தின் மேன் சிக்ஸைக் கடத்துகிறான். அவளை மீட்க சின்ன மோனோ வருகிறான். கைவிடப்படுகிறான். மறுபடியும் முதலிலிருந்து. இது சக்கரம் என்றால், சிக்ஸைக் குற்றம் சொல்லி என்ன பயன் என்கிறது இந்தக் கட்சி.

சரி, யார் சொல்றது சரி?

காட்சியின் வரிசையைக் கவனியுங்கள். மியூசிக் பாக்ஸ் கோபம் முன்பே இருந்திருந்தால், அவள் கையைப் பிடித்தே இருக்க வேண்டாமே? குணமே அப்படி என்றாலும் அதே கேள்விதான். முதலில் பிடிக்கிறாள், அப்புறம் பார்க்கிறாள், அதன் பிறகே விடுகிறாள். முடிவு எடுக்கப்பட்டது அந்தப் பார்வையில். அதனால் என் ஓட்டு முதல் கட்சிக்கு.

ஆனால் மூன்றாம் கட்சியை ஒதுக்க முடியாது. சிதறிக் கிடக்கும் நிழல் குழந்தைகள் எல்லாரையும் கண்டுபிடித்தால் ஒரு ரகசிய முடிவு திறக்கும். டி.வி-யிலிருந்து வெளியே வரும் சிக்ஸ், தரையில் 'தி மா' விளம்பரத் தாளைப் பார்க்கிறாள். வயிறு உறுமுகிறது. அதாவது இரண்டாம் பாகம்தான் முன்கதை. மோனோவை விட்ட கையோடு அவளுக்குப் பசி தொடங்குகிறது. இந்த கேமுக்கு 2014-ல் முதலில் வைத்த பெயரே 'ஹங்கர்'. பசி!

சிவகாசியிலிருந்து பார்த்தால்...

பெரியவர்கள் ராட்சதர்கள், குழந்தைகள் வெறும் சரக்கு என்கிற கதை இந்த ஊருக்குப் புதிதல்ல. ஒருகாலத்தில் இருட்டு விலகும் முன்பே வண்டிகள் கிராமம் கிராமமாகப் போய் பிள்ளைகளைத் தீப்பெட்டி வேலைக்கு ஏற்றிவரும். எத்தனை கட்டை அடுக்கினாய் என்பதுதான் கூலிக் கணக்கு. 1990-ல் இதைப் படம்பிடித்த ஆவணப்படத்தின் பெயர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'.

அங்கேயும் ஒரு லூப் இருந்தது. பசிக்காக வேலைக்குப் போன குழந்தை படிக்காது. படிக்காதவர் கூலியாவார். அந்தக் கூலி போதாமல் தன் பிள்ளையையும் அனுப்புவார். கோபுரத்து நாற்காலியில் உட்கார்ந்த மோனோ கதைதான்.

கேமில் லூப்பை உடைக்க பட்டன் கிடையாது. இங்கே பல கைகள் சேர்ந்து உடைத்தன. விருதுநகர்க்காரரான காமராஜர் 1956-ல் மதிய உணவைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார், பசிக்குப் பதில் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்தது. 1986 சட்டம் 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் வைக்கக் கூடாது என்றது. சிவகாசி தொடர்பான எம்.சி.மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்தால் குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்றது. இவற்றோடு, 'நான் பட்ட பாடு என் பிள்ளைக்கு வேண்டாம்' என்று பிடிவாதமாக நின்ற அம்மாக்களும் உண்டு. உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அதனால்தான் 'சிக்ஸ் நல்லவளா, கெட்டவளா' என்கிற சண்டை எனக்குப் பாதிக் கேள்வியாகத் தெரிகிறது. ஒரு கேக்கு இரண்டு குழந்தைகள் சண்டை போட்டால் குணத்தைப் பேசலாம். சாப்பாடே இல்லாத இடத்தில் இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டு, யார் கையை யார் விட்டார்கள் என்று மட்டும் பேசினால், அந்த இடத்தைக் கட்டியவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

2025 அக்டோபரில் வந்த மூன்றாம் பாகத்தை சூப்பர்மாசிவ் கேம்ஸ் செய்தது. லோ, அலோன் என்று இரண்டு புதுக் குழந்தைகள், நண்பரோடு ஆன்லைனில் சேர்ந்தே ஆடலாம். ஆடும்போது பாலம் ஏதாவது வந்தால், பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள் மக்களே!

உங்கள் ஓட்டு எந்தக் கட்சிக்கு?