தமர்க் கம்பியும் திரியும்

கரிசலுக்கு அடியில் பாறை. விருதுநகர் வட்டாரத்தில் கிணறு வெட்டியவர்களுக்கு மண்வெட்டி கொஞ்ச ஆழம்தான் உதவியது. அதன்பின் தமர் அடிப்பு, அதாவது வெடிமருந்துக்குப் பாறையில் துளை போடுவது: ஒருவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அறைவார். துளையில் கரிமருந்து கிட்டித்துத் திரியைப் பற்றவைத்ததும் மேலே ஏறிவிட வேண்டும்.

அந்த அவகாசத்தைத் தந்தது, 1831இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் பிக்ஃபோர்டு உருவாக்கிய பாதுகாப்புத் திரி. சணல் நூலுக்குள் மருந்து. ஓர் அடி எரிய ஏறத்தாழ அரை நிமிடம். நீர் புகாத பூச்சு இருந்தால் ஊற்றுக் கசியும் கிணற்றிலும் கடலடியிலும் அணையாது.

வெடியுப்பு, கந்தகம், கரி: இவை சேர்ந்ததுதான் கரிமருந்து. சிவகாசியின் ஒலி வெடிகளிலோ பெரும்பாலும் கரிக்குப் பதில் அலுமினியத் தூள். கிணற்று வெடிக்கும் பட்டாசுக்கும் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் பொருந்தும். வெடிக்காத தமரைக் கிளறுவதுதான் இன்றும் உயிர் குடிக்கும் ஆபத்து.