ஒரு பாட்டில், மூன்று ஓட்டை

கொல்லைப்புறத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு குவளையும் கிடைத்தால் பிள்ளைகளுக்குப் பொழுது போவதே தெரியாது. மொண்டு ஊற்றுவார்கள், மிதக்க விடுவார்கள், அமிழ்த்திப் பார்ப்பார்கள். "சட்டையெல்லாம் நனையுது, உள்ளே வா" என்று அதட்டுவதற்குமுன் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். ஒன்றைச் செய்து, விளைவைப் பார்த்து, சற்றே மாற்றி மறுபடி செய்கிறார்கள். பரிசோதனைக்கூடத்தில் நடப்பதும் இதுதான்.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஊற்றுவதே பாடம். உயரமான டம்ளரில் உள்ள தண்ணீரை அகலமான கிண்ணத்தில் ஊற்றி, "இப்போ தண்ணி கூடிடுச்சா, குறைஞ்சிடுச்சா?" என்று கேளுங்கள். சுமார் ஏழு வயது வரை பல பிள்ளைகள் "குறைஞ்சிடுச்சு" என்றே சொல்வார்கள். மட்டம் இறங்கியதுதான் அவர்கள் கண்ணில் படுகிறது. சுவிட்சர்லாந்தின் உளவியல் அறிஞர் ஜீன் பியாஜே (1896–1980) இதை விரிவாக ஆராய்ந்தவர். அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். மாற்றி மாற்றி ஊற்றிப் பார்க்கப் பார்க்க, பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது நாளடைவில் பிடிபட்டுவிடும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில் போதும். பக்கங்கள் நேராக உள்ளதாக எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து 5, 10, 15 சென்டிமீட்டர் உயரங்களில், ஒன்றுக்கு நேர்மேலே இன்னொன்று வராமல், மூன்று சிறிய ஓட்டைகள் வேண்டும். சூடான ஊசியால் போடுவது பெரியவர் வேலை. ஓட்டைகளை டேப்பால் மூடி, 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, ஸ்டூல்மேல் வையுங்கள். "எந்த ஓட்டைத் தண்ணி ரொம்ப தூரம் போகும்?" பதில் சொன்ன பிறகுதான் டேப்பைப் பிரிக்க வேண்டும். மட்டம் இறங்காமல் ஒருவர் மேலே ஊற்றிக்கொண்டே இருக்கட்டும்.

அடி ஓட்டைதான் ஜெயிக்கும். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் தண்ணீர் வேகமாகப் பாய்கிறது. இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1644இல் வெளியிட்ட விதி இது: ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும்.

இப்போது அதே பாட்டிலைத் தரையில் இறக்கி வைத்து, மறுபடி கேளுங்கள். இம்முறை நடு ஓட்டைத் தண்ணீர் முந்திக்கொள்ளும். மேல் ஓட்டையும் அடி ஓட்டையும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் விழும். அடி ஓட்டைத் தண்ணீருக்கு வேகம் உண்டு, ஆனால் அது உடனே தரையைத் தொட்டுவிடுகிறது. மேல் ஓட்டைத் தண்ணீருக்கு விழ நேரம் இருக்கிறது, வேகம் இல்லை. நடு ஓட்டைக்கு இரண்டும் போதிய அளவு வாய்க்கிறது. பாட்டில் தரையில் இருக்கும்போதும் அடி ஓட்டையே முந்துவதாகப் படம் போட்ட பாடப்புத்தகங்கள் உண்டு. அச்சில் வந்ததையும் செய்து பார்த்துச் சரிபார்க்கலாம் என்று ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது பெரிய பாடம்.

அடுத்து, ஒளி ஊடுருவும் ஒரு மீட்டர் டியூப். ஒரே தரையில் இரண்டு வாளி: ஒன்று நிறைய, மற்றொன்றில் கொஞ்சம் தண்ணீர். டியூபைக் காற்றில்லாமல் நிரப்பி, இரு முனையையும் விரலால் மூடி, ஆளுக்கொரு வாளிக்குள் அமிழ்த்தி விரலை எடுங்கள். தண்ணீர் விளிம்பேறித் தாண்டி மறுபக்கம் இறங்கும். இரண்டு வாளியிலும் மட்டம் சமமானதும் நின்றுவிடும். ஒரு வாளியைச் சற்றுத் தூக்கினால் மறுபடி ஓடும். வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பதும் இதே குணத்தை நம்பித்தான்.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். சிறு குழந்தை சில அங்குல ஆழத் தண்ணீரிலும் மூழ்கிவிடக்கூடும். பெரியவர் ஒருவர் எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விளையாடி முடித்ததும் தண்ணீரை வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றி, வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும்.

மற்றபடி நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். "என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று முதலில் கேட்க வேண்டும், விடை தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. தான் சொன்னது பலித்தாலும் பொய்த்தாலும், அதைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளை அடுத்த கேள்வியைத் தானே கேட்கும்.