கதவைத் தட்டும் முதல் பைட்

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 18.04-லிருந்து 20.04-க்கு மாறிய பலரைத் திகைக்க வைத்த புதிர் இது. வீட்டின் மூலையில் ஒரு நாஸ் பெட்டி இருக்கிறது. நெட்வொர்க்கோடு இணைந்த ஹார்டு டிஸ்க் என்று அதைச் சொல்லலாம். குடும்பப் படங்களெல்லாம் அதில்தான். நேற்று வரை சொடுக்கியதும் திறந்த கோப்புறை, மேம்படுத்திய மறுநாள் திறக்க மறுக்கிறது. கேபிள் சரியாக இருக்கிறது, வைஃபை வேலை செய்கிறது, பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. மேம்படுத்தாத பழைய லேப்டாப் மட்டும் அதே பெட்டியைத் தடையில்லாமல் திறக்கிறது. உண்மையில் எதுவும் பழுதாகவில்லை. இரண்டு கருவிகள் பேசிப் பார்த்தன, பேச்சு ஒத்துவரவில்லை.

அந்தப் பேச்சைக் கேட்கக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். திரையில் நாம் சொடுக்குவது நாட்டிலஸ் என்ற கோப்பு மேலாளரை. அதற்கு நெட்வொர்க்கில் பயணம் செய்யத் தெரியாது. வேலையை அது ஜிவிஎஃப்எஸ் என்ற பின்னணிக் குழுவிடம் ஒப்படைக்கிறது. அந்தக் குழுவில் ஒவ்வொரு வகைச் சேமிப்பகத்துக்கும் தனித்தனி உதவியாளர் உண்டு. நாஸ் பெட்டிக்கான உதவியாளர், சம்பா என்ற மென்பொருளின் நூலகத்தைத் துணைக்கு அழைக்கிறார். பிறகு லினக்ஸின் கருவான கெர்னல், பெட்டியின் 445-ஆம் போர்ட்டுக்கு இணைப்பு போடுகிறது. போர்ட் என்பது ஒரு கணினிக்குள் நுழைய எண்ணிட்ட வாசல். இத்தனை கைமாறலும் வீட்டு நெட்வொர்க்கில் நாம் கண் இமைத்து முடிப்பதற்குள் நடந்துவிடும்.

இதில் ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு. வீடியோ ஓட்டும் நிரலுக்கு நாஸ் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். அதற்காக லினக்ஸ், தொலைவிலுள்ள கோப்புறையை உள்ளூர்க் கோப்புறை போலவே வேடமிட்டுக் காட்டும். இதைச் செய்வது ஃபியூஸ் என்ற ஏற்பாடு. 2005-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. நிரல் ஒரு கோப்பைக் கேட்கிறது. கெர்னல் அந்தக் கோரிக்கையை ஒரு சாதாரண உதவி நிரலிடம் திருப்பி விடுகிறது. அது நெட்வொர்க்கில் போய்க் கொண்டுவந்து கொடுக்கிறது. தான் கேட்டது வேறொரு பெட்டியிலிருந்து வந்தது என்று வீடியோ நிரலுக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

கணினிகள் பேசிக்கொள்ள ஒப்புக்கொண்ட விதிகளுக்கு நெறிமுறை என்று பெயர். இங்கே பேசப்படும் நெறிமுறை எஸ்எம்பி. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. பின்னாளில் மைக்ரோசாஃப்ட் அதை வளர்த்தெடுத்து விண்டோஸின் கோப்புப் பகிர்வு மொழியாக்கியது. 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர், கம்பியில் ஓடும் பொட்டலங்களை ஒட்டுக்கேட்டே அந்த மொழியின் இலக்கணத்தைக் கண்டுபிடிக்கத் தொடங்கினார். அந்த முயற்சியில் பிறந்ததுதான் சம்பா. இன்று லினக்ஸும் விண்டோஸும் கோப்புகளைப் பகிர முடிவது பெரும்பாலும் அதனால்தான்.

எஸ்எம்பியில் பல தலைமுறைகள் உண்டு. ஆகவே உரையாடல் ஒரு பேரத்தோடு தொடங்கும். 'எனக்கு இன்னின்ன பதிப்புகள் தெரியும்' என்று நம் கணினி பட்டியல் நீட்டும். இருவருக்கும் தெரிந்தவற்றில் புதியதைப் பெட்டி தேர்ந்தெடுக்கும். அனுப்பும் செய்தியின் முதல் பைட்டைப் பார்த்தாலே தலைமுறை தெரிந்துவிடும். 255 என்றால் முதல் பதிப்பு. 254 என்றால் இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பு. 253 என்றால் மறையாக்கம் செய்து பூட்டிய செய்தி. 2006-ல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த இரண்டாம் பதிப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகளை வெறும் 19 ஆகச் சுருக்கியது.

அப்படியானால் பழைய பதிப்பையும் பட்டியலில் வைத்திருக்கலாமே? 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீங்கு நிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணயப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள்கூடத் தடுமாறின. விண்டோஸ், எஸ்எம்பியின் முதல் பதிப்பைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது பரவியது. அந்தப் பதிப்பில் மறையாக்கமும் கிடையாது. 2019 செப்டம்பரில் வெளியான சம்பா 4.11, முதல் பதிப்பை இயல்புநிலையில் அணைத்து வைத்தது. உபுண்டு 20.04-ல் வந்தது அந்தச் சம்பாதான். இப்போது நம் கணினி 254-ல் தொடங்கும் செய்தியை அனுப்புகிறது. 255 மட்டுமே தெரிந்த பழைய பெட்டி, புரியாமல் இணைப்பைத் துண்டிக்கிறது. திரையில் நாம் காண்பது அந்தத் துண்டிப்பைத்தான்.

சில வீடுகளில் வேறொரு விநோதம் நடக்கும். பெட்டி புதிய பதிப்பையே பேசும். முகவரியைத் தட்டச்சு செய்தால் திறக்கும். ஆனால் 'நெட்வொர்க்' சாளரம் மட்டும் காலியாக இருக்கும். காரணம், அந்தச் சாளரத்தில் தெரியும் பெயர்ப் பட்டியல் தயாராகும் முறையே வேறு. பழைய முறையில் கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்திப் பட்டியல் காப்பாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். இயங்குதளத்தின் வகையும், எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்பதும் தகுதிகள். மற்றவை 12 நிமிடத்துக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கும். மூன்று அறிவிப்புகள் தவறினால்தான் பெயர் நீங்கும். அதனால் திடீரென அணைந்த கணினிகூட அரை மணி நேரத்துக்கு மேல் பட்டியலில் தெரியலாம். அந்தப் பட்டியலை வாங்க லினக்ஸ் முதல் பதிப்பைத்தான் நம்பியிருந்தது. அதை மூடியதும் பட்டியலும் போயிற்று. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் பெட்டி இல்லை என்று ஆகாது.

இவ்வளவும் புரிந்தால் பழுது தேடுவது எளிது. கீழிருந்து மேலே ஏற வேண்டும். முதலில் பெட்டியின் ஐபி முகவரிக்குப் பிங் என்ற சோதனைச் செய்தியை அனுப்புங்கள். பதில் வந்தால் பெரும்பாலும் பாதை சரி. அடுத்து 445-ஆம் வாசல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சம்பாவோடு வரும் எஸ்எம்பி கிளையன்ட் கருவியில், முதல் பதிப்பை மட்டும் பேசச் சொல்லி ஒருமுறை, இரண்டாம் பதிப்பில் ஒருமுறை முயலுங்கள். முதலாவது மட்டும் வென்றால் குற்றவாளி பிடிபட்டான். இரண்டிலும் இணைப்பு கிடைத்து, கடவுச்சொல்லில் தடைபட்டால் சிக்கல் அடையாளத்தில். உள்ளே போய்க் கோப்பு மட்டும் திறக்காவிட்டால் அது அனுமதிப் பிரச்சினை. பிழைச் செய்தியின் சொற்களை அலட்சியமாக மூடாதீர்கள். எந்தப் படியில் நின்றது என்பதை அவைதான் சொல்கின்றன.

தீர்வைக் கணினியில் தேடாதீர்கள், பெட்டியில் தேடுங்கள். அதன் உள்மென்பொருளைப் புதுப்பியுங்கள். அமைப்புகளில் இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பு அணைந்திருந்தால் இயக்குங்கள். பெட்டி அதற்கு இடம் தராத அளவு பழசு என்றால், சம்பாவின் அமைப்புக் கோப்பில் கிளையன்ட்டுக்கான குறைந்தபட்சப் பதிப்பைத் தற்காலிகமாகத் தளர்த்தி, படங்களை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். வேலை முடிந்ததும் அந்த வரியை அழித்துவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகள் அந்த வரியைச் சேர்க்கச் சொல்வதோடு நின்றுவிடும். அதை நிரந்தரமாக விட்டுவைப்பது, 2017-ல் உலகம் பட்ட பாட்டுக்குப் பிறகு மூடிய வாசலை நாமே மறுபடி திறந்து வைப்பதாகும்.