நுரையீரலில் எண்ணெய்: மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி

பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, கால்மீது கிடத்திக் குளிப்பாட்டுவது நம் தோட்டக் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அதில் குறை காண நாம் முற்படவில்லை. உடம்பில் பூசும் எண்ணெய் நுரையீரலுக்குப் போவதில்லை. ஆனால், மூக்குத் துளைகளில் எண்ணெய்ச் சொட்டு விடுவதும், அழுகின்ற குழந்தையின் மூக்கைப் பிடித்துச் சங்கால் விளக்கெண்ணெய் புகட்டுவதும் வேறு.

தண்ணீர் புரையேறினால் உடனே இருமுகிறோம். அந்த இருமல் நமக்குக் காவல். எண்ணெயோ தொண்டையை உறுத்தாமல், காவலை எழுப்பாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடியது. சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளின் இயக்கத்தையும் அது தடுக்கிறது. நுரையீரலைத் துப்புரவு செய்யும் உயிரணுக்கள் எண்ணெய்த் துளிகளை விழுங்குகின்றன. கனிம எண்ணெயாயின் அவற்றால் செரிக்க இயலாது. நாளடைவில் அவ்விடம் தழும்பேறி, காற்றை ஏற்கும் திறனை இழக்கும்.

லாஃப்லன் என்னும் மருத்துவர் 1925ஆம் ஆண்டிலேயே இந்நோயை விவரித்து எழுதினார். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இது காணப்பட்டதைப் பற்றிய கட்டுரையொன்று 1973ஆம் ஆண்டில் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது.

அப்படியிருந்தும் இந்நோயைக் கண்டுபிடிப்பது எளிதன்று. இருமல், இளைப்பு, சில வேளை காய்ச்சல் ஆகியவை சாதாரண நிமோனியாவுக்கும் உண்டு; காசநோய்க்கும் உண்டு. எக்ஸ்ரே படத்தில் தெரியும் வெண்ணிழலும் அவற்றைப் போன்றதே. ஆகவே, வேறு நோயென்று கருதி மருந்து கொடுத்து, குணம் காணாமல் மாதங்கள் கழிவதுண்டு. சிடி ஸ்கேன் ஓரளவு துணை செய்கிறது. அதில் தண்ணீரின் அடர்த்தி சுழியம் என்று கொள்ளப்படும். கொழுப்பு அதற்கும் கீழே, ஏறத்தாழ கழித்தல் 30 முதல் கழித்தல் 150 வரை காட்டும். நுரையீரலைச் சிறிது உப்புநீரால் கழுவி எடுத்து, சாயமேற்றி உருப்பெருக்கியில் பார்த்தால், எண்ணெய் விழுங்கிய உயிரணுக்கள் தென்படும்.

எனினும் மருத்துவருக்கு ஐயம் எழுந்தால்தான் இச்சோதனைகள் நடைபெறும். "குழந்தைக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று அவர் கேட்கிறார். "ஒன்றும் கொடுக்கவில்லை" என்கிறார் தாய். அவர் பொய் சொல்லவில்லை. எண்ணெயை அவர் மருந்தாக நினைப்பதில்லை, அவ்வளவே. ஆகையால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: எந்த எண்ணெய், எத்தனை நாள், மூக்கிலா வாயிலா. புட்டியையும் கையோடு கொண்டு செல்லுங்கள். பாட்டியின் மீது பழி வருமோ என்று மறைக்க வேண்டாம். மருத்துவர் தேடுவது காரணத்தையே அன்றி, குற்றவாளியை அன்று.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். இரவுதோறும் மூக்கினுள் களிம்பு தடவுவோரும், மலச்சிக்கலுக்குப் பாரஃபின் எண்ணெய் குடித்துவிட்டு உடனே படுப்போரும் அதைச் சொல்ல வேண்டும். பீப்பாயிலிருந்து டீசலை ரப்பர் குழாயால் வாய்வைத்து உறிஞ்சும்போது புரையேறினால், சில மணி நேரத்திற்குள் மூச்சுத்திணறல் தோன்றலாம். வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

சிகிச்சையின் முதற்படி, அந்த எண்ணெயை நிறுத்துவதே. குழந்தையின் மூக்கடைப்புக்கு எண்ணெய்க்குப் பதிலாக உப்புநீர்ச் சொட்டு மருந்து உண்டு. அதை எவ்வாறு விடுவது என்பதைச் சுகாதார நிலையத்துத் தாதியிடம் கேட்டறியலாம்.