மாத்திரை நாட்களையும் எண்ணுங்கள்

மாதத்தில் எத்தனை நாள் தலை வலிக்கிறது என்று கேட்டால், பலர் சுருண்டு படுத்த நாட்களை மட்டுமே சொல்வார்கள். "நாலைந்து நாள்தான் டாக்டர்." சரி, வலியே இல்லாத நாட்கள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். லேசான வலியோடு சமைத்த, ஆபீஸ் போன நாட்களெல்லாம் அப்போதுதான் கணக்கில் சேரும்.

எப்போது நாள்பட்டது?

மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலி, அவற்றில் 8 நாட்களாவது மைக்ரேன் வகை, இந்த நிலை 3 மாதங்களுக்கு மேல் நீடிப்பது: இதுவே நாள்பட்ட மைக்ரேன். தெறிக்கும் வலி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது, மாடிப்படி ஏறினால் வலி கூடுவது ஆகியவை மைக்ரேனின் அடையாளங்கள். சிலருக்கு மூக்கும் ஒழுகும். அதை 'சைனஸ்' என்று நம்பி வருடக்கணக்கில் ஆவி பிடிப்பவர்கள் உண்டு.

மாத்திரையால் வரும் தலைவலி

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை முதலில் நன்றாகவே கேட்கும். பிறகு இரண்டு தேவைப்படும். அப்புறம் வலி வந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஒன்றைப் போடத் தோன்றும். மைக்ரேன் உள்ளவர் பாராசிட்டமால் போன்ற தனி வலிமாத்திரையை மாதம் 15 நாட்களோ, எர்காட்டமின், டிரிப்டான் ஆகிய மைக்ரேன் மாத்திரைகளையும் கலவை வலிமாத்திரைகளையும் 10 நாட்களோ, அல்லது அதற்கு மேலோ தொடர்ந்து சில மாதங்கள் எடுத்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். மாத்திரை எண்ணிக்கையைவிட மாத்திரை போட்ட நாட்களே இங்கு முக்கியம். காலண்டரில் வலித்த நாளுக்கு ஒரு குறி, மாத்திரை போட்ட நாளுக்கு இன்னொரு குறி இருந்தால், பல ஸ்கேன்களைவிட அது மருத்துவருக்கு உதவும்.

மருத்துவர் மேற்பார்வையில் இந்த வலிமாத்திரைகளை நிறுத்தும்போது முதல் சில நாட்கள் வலி கூடும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி மறுபடி கடைக்குத்தான் போவார்.

தடுப்பு மருந்து

பிரோப்ரனலால் ரத்த அழுத்த மருந்து, டோபிரமேட் வலிப்பு மருந்து, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்து. கூகுளில் தேடிப் பார்த்து "எனக்கு வலிப்பா?" என்று பதறி நிறுத்துபவர்கள் அதிகம். இவை மைக்ரேனைத் தடுக்கவும் தரப்படுகின்றன. பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். ஆஸ்துமா உள்ளவருக்குப் பிரோப்ரனலால் ஆகாது. டோபிரமேட்டும், இதற்குத் தரப்படும் இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டும் கருவைப் பாதிக்கலாம். வலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே நல்ல வெற்றி. மாத்திரைகள் பலிக்காதவர்களுக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை தலை, கழுத்துப் பகுதியில் 31 இடங்களில் போடும் போடாக்ஸ் ஊசி உண்டு. சிஜிஆர்பி என்ற புரதத்தைத் தடுக்கும் புதிய ஊசிகளும் உண்டு. விலைதான் மலைக்க வைக்கும்.

தூண்டுபவை

விரதம், தூக்கக் குறைவு, மாதவிடாய் ஆகியவை மைக்ரேனைத் தூண்டலாம். தலைக்குக் குளித்த பின் மைக்ரேன் வருவது இந்திய நோயாளிகளிடம் பதிவாகியிருக்கிறது. ஆனால் உணவும் தூண்டுமோ என்று பயந்து பிடித்ததையெல்லாம் ஒதுக்கிப் பட்டினி கிடந்தால், பசியே வலியை வரவழைக்கும்.

தாமதிக்கக் கூடாதவை

இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல்: உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலியையும் காட்டிவிட வேண்டும். வலிக்கு முன் கண்முன்னே வளைந்து மின்னும் கோடுகள் தெரியும் பெண்கள், கருத்தடை மாத்திரை கேட்கும்போது அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.